சாம்பல் பெட்டியும் வெள்ளைப் பெட்டியும்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் இருந்த ஒரு புழுங்கலரிசி ஆலையில் ஏழு வருடம் மின் பொறுப்பாளனாக வேலை பார்த்தேன். பாலிடெக்னிக் முடித்த கையோடு சேர்ந்த இடம். எனக்கென்று ஒரு அறை உண்டு என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் அந்த அறை ரிலே பேனலுக்குக் கட்டியது. சுவரை அடைத்து நின்ற இரும்பு அலமாரிக்குள் நாற்பத்திரண்டு ரிலேக்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. மின்சாரம் வந்ததும் உள்ளே இருக்கும் காந்தம் ஒரு தகட்டை இழுக்கும், தகடு அடுத்த ரிலேக்கு மின்சாரத்தை அனுப்பும். இப்படி ஒன்றையொன்று தட்டிவிட்டுத்தான் நெல் ஊறல் தொட்டிக்கும், ஆவிக்கும், ஈரம் உலர்த்தும் டிரையருக்கும், மேலே தூக்கும் எலிவேட்டருக்கும் போய்ச் சேர்ந்தது. டக், டக் என்ற சத்தத்தைக் கேட்டே எந்த மோட்டார் ஓடுகிறது, எது தயங்குகிறது என்று சொல்லிவிடுவேன்.

உமித் தூசிதான் எங்களுக்கு எமன். கதவுக்கு ரப்பர் ஒட்டினாலும், துணியடைத்தாலும் உள்ளே வந்துவிடும். தகடுகள் கருகும். ஞாயிற்றுக்கிழமைகளில் உப்புத்தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தகடாகத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு ரிலேயின் தகடு உருகி ஒட்டிக்கொண்டது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன், எலிவேட்டர் நிற்கவில்லை. மேல் தொட்டி நிரம்பி வழிந்து, அவித்த நெல் சூடு ஆறாமல் மழை மாதிரி களத்தில் கொட்டியது. களத்தில் நெல் தள்ளிக்கொண்டிருந்த பெண்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடினார்கள். நான் மெயினைப் பிடுங்கி நிறுத்துவதற்குள் ஓர் ஆள் உயரத்துக்குக் குவியல் ஏறிவிட்டது. யாருக்கும் அடியில்லை.

முதலாளி அதிராம்பட்டினத்துக்காரர். அவருடைய குடும்பம் கடல் வியாபாரத்திலிருந்து நெல் வியாபாரத்துக்கு வந்தது. வெள்ளைச் சட்டையில் தூசி படிய அந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார். கோபப்பட்டால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை.

"தம்பி, நம்ம சின்னவன் ஒரு கடிதாசி போட்டிருந்தானே, படிச்சீங்களா?" என்றார்.

சின்னவன் என்றது வளைகுடாவில் வேலை பார்த்த அவர் தம்பியை. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை அவர் வேலை பார்த்த இடம். அந்த ஆலை முழுவதையும் ஒரு பெட்டி நடத்துகிறது, ரிலேக்களே கிடையாது, என்ன செய்யவேண்டும் என்று அதற்குள் எழுதி வைத்துவிட்டால் போதும், அதுவே செய்யும் என்று எழுதியிருந்தார். பி.எல்.சி. என்று அதற்குப் பெயர். பாடப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் அரைப் பக்கம் படித்திருந்தேன். கண்ணால் பார்த்ததில்லை.

அந்த வருடம் காவிரியில் தண்ணீர் தாமதமாகத்தான் வந்தது. குறுவை போடாமலேயே பாதி வயல்கள் கிடந்தன. ஆலைக்கு நெல் வரத்து குறைந்து வாரத்தில் மூன்று நாள் சும்மா இருந்தோம். "ரெண்டு கம்பெனிக்காரங்களக் கூப்பிடுவோம். ஆளுக்கு ஒரு நாளு ஓட்டிக் காட்டட்டும். எது நல்லதுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார் முதலாளி. இருபத்துநான்கு வயதில் என்னை நம்பி ஒருவர் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

முதலில் மெட்ராசிலிருந்து பெரிய கம்பெனி ஆள் வந்தார். கழுத்தில் டை கட்டியிருந்தார். தோல் பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் பொதிந்து கொண்டுவந்தது சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையின் கல்லா அளவு இருக்கும். அதை எலிவேட்டர் வரிசைக்கு இணைத்தோம். காலையில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. என் அலமாரியில் பதினெட்டு ரிலேக்கள் வாயை மூடிக்கொண்டன. பெட்டியின் முகத்தில் பச்சை விளக்குகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி அணைத்தது மாதிரி எரிந்தன. கன்வேயர் கிளம்பியது. எண்ணி ஐந்து விநாடி. எலிவேட்டர் கிளம்பியது. சத்தமே இல்லை. இத்தனை வருடம் ஓசையால் பிழைத்தவனுக்கு அந்த அமைதி கோயில் கருவறை வாசலில் நிற்பதுபோல இருந்தது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. எங்கள் பக்கத்தில் அது தினசரிச் சமாச்சாரம். எல்லாம் நின்றது. கம்பெனி ஆள் பதறவில்லை, டீ கேட்டு வாங்கிக் குடித்தார். இருபது நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது. யாரும் எதையும் தொடவில்லை. பச்சை விளக்குகள் ஒரு தடவை கண் சிமிட்டின. கன்வேயர் தானாகக் கிளம்பியது. ஐந்து விநாடி. எலிவேட்டர் தானாகக் கிளம்பியது. விட்ட இடத்தில் பிடித்து, எத்தனை மூட்டை ஏற்றினோம் என்ற கணக்குவரை மறக்காமல் ஓடியது.

எனக்குக் கையெல்லாம் புல்லரித்துவிட்டது.

"மறக்கவே மறக்காது சார். அதுதான் எங்க பெட்டி" என்றார் அவர்.

அன்று சோதனை என்பதால் எங்களைத் தவிர யாரையும் எந்திரப் பக்கம் விடவில்லை. இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

அடுத்து வந்தவர் திருச்சியில் சிறு கொட்டகை போட்டுப் பேனல் செய்து கொடுப்பவர். வேறொரு கம்பெனியின் பெட்டியை வாங்கி விற்றார். டவுன் பஸ்ஸில் ஒரு வயர்க் கூடையோடு வந்து இறங்கினார். கூடைக்குள் துண்டு சுற்றி வெள்ளைப் பெட்டி ஒன்று. நாலு அடுக்கு டிபன் கேரியரைப் படுக்க வைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான். அதை டிரையர் வரிசைக்குக் கட்டினோம். விளக்குகள் மங்கல். புரோகிராம் எழுத ஒரு சிறு பலகையில் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தவேண்டும். நினைவில் வைத்துக்கொள்ள உள்ளே ஒரு பேட்டரி வேண்டும். கரண்ட் போய் வந்தபோது வெள்ளைப் பெட்டி எதையும் கிளப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. மறுபடி நாங்கள்தான் பொத்தானை அழுத்தவேண்டியிருந்தது.

போகும்போது அவர் ஓரத்தில் துளை போட்ட கம்ப்யூட்டர் தாள்களை மடிப்பு மடிப்பாகக் கொடுத்தார். "உள்ள எழுதியிருக்கறது பூராவும் இதுல இருக்கு சார். வச்சுக்குங்க."

நான் அதை மேசை டிராயரில் போட்டு மூடினேன். மனதுக்குள் சாம்பல் பெட்டிக்கு மாலை போட்டு ஆகிவிட்டது. முடிவு சொல்லும்வரை இரண்டு பெட்டிகளும் என் அறையில் இருந்தன, ஆலை பழையபடி ரிலேயில் ஓடியது.

விஷயம் எப்படியோ வெளியே போயிற்று. ஆலை வாசலில் மூன்று கொடிக்கம்பங்கள் உண்டு. ஆளுங்கட்சிக்கு ஒன்று, எதிர்க்கட்சிக்கு ஒன்று, செங்கொடி ஒன்று. ஆட்சி மாறும்போது முதல் இரண்டில் எது உயரம் என்பது மாறும். எந்த ஆட்சியிலும் காணாத ஒற்றுமையோடு அந்த வாரம் மூன்று சங்கமும் சேர்ந்து ஒரே நோட்டீசை ஒட்டின. வயல்களில் அறுவடை எந்திரம் இறங்கினால் ஆட்கள் வரப்பில் படுத்து மறித்த காலம் அது. ஒரு பெட்டி வந்து நாற்பது பேர் சோற்றைப் பிடுங்கப்போகிறது என்ற பேச்சு எழுந்தால் யாரைக் குறை சொல்ல முடியும்?

முதலாளி எல்லோரையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். சங்கத் தலைவர்கள் வேலையைப் பற்றிப் பேசினார்கள். ஒருவரையும் நிறுத்தமாட்டேன் என்று எழுதித் தருவதாக அவர் சொன்னார். பேச்சு அத்தோடு முடியும்போல இருந்தது. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தார்.

எந்திரப் பகுதியைக் கூட்டிச் சுத்தம் செய்யும் எட்டுப் பெண்களுக்காக அவர் வந்திருந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். நான் அக்கா என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து படிக்கக் கற்றவர். கற்ற பிறகு எதையும் விட்டுவைக்கவில்லை. பஸ் போர்டு, சுவரொட்டி, சிமெண்ட் மூட்டையில் இருக்கும் எழுத்து, எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டேதான் நடப்பார்.

"முதலாளி, ஆளக் கொறைக்கமாட்டேன்னு சொல்றீங்க, சரி. அந்தப் பெட்டிக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு எங்களுக்குக் காட்டணும்."

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "அது எந்திரப் பாஷையில இருக்கும்மா. ஒங்களுக்கு எப்படிப் புரியும்?"

"புரியுதா இல்லையான்னு அப்பறம் பாப்போம் முதலாளி. மொதல்ல காட்டுங்க." பிறகு சத்தம் உயராமல் சொன்னார். "எங்கப்பா மூணு மா, ஒரு ஏக்கரு நெலம் குத்தகைக்கு ஓட்டுனாரு. தாலுக்கா ஆபீஸ் ஏட்டுல குத்தகைக்காரருன்னு அவரு பேரு இருந்துச்சு, லேசுல வெளியேத்த முடியாது. ஒருநாளு ரசீதுன்னு சொல்லி ஒரு தாளுல கைநாட்டு வாங்குனாங்க. அது ரசீது இல்லீங்க. நெலத்த நானே மனசாரத் திருப்பிக் குடுத்துட்டேன்னு எழுதியிருந்துச்சு. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிஞ்சவங்க நாலு பேரு அங்க நின்னாங்க, ஒருத்தரும் சொல்லல. எழுதுனதுக்கு நாங்க கட்டுப்படணும்னா, என்ன எழுதியிருக்குன்னு தெரியணும்ல?"

நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா என்னைக் கூப்பிட்டு, "ஒனக்குக் கையெழுத்து நல்லாருக்கும், இத எழுதுடா" என்று ஒரு தாளைக் கொடுத்தார். எங்கள் குத்தகைக்காரர் மனசாரச் சாகுபடியை விட்டுவிடுவதாக அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுத்து கோணாமல் இருக்கவேண்டும் என்பதுதான் என் கவலையெல்லாம். சாயங்காலம் அந்த மனிதர் வந்தார், மை தடவிய கட்டைவிரலை நான் எழுதியதற்குக் கீழே வைத்தார், என் தலையைத் தடவி "தம்பி நல்லா எழுதுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"காட்ட முடியுமான்னு கேளுங்க தம்பி" என்று சொல்லி முதலாளி கூட்டத்தை முடித்தார். சாம்பல் பெட்டிக் கம்பெனிக்கு மறுநாளே போன் போட்டேன். புரோகிராமை அச்சடித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். "முடியாது சார். அதுக்குப் பூட்டு இருக்கு. ரகசியச் சொல் எங்க என்ஜினியர்கிட்ட மட்டும்தான் இருக்கும். மாத்தணும்னா அவரையே அனுப்பிவைப்போம்" என்றார் டை கட்டியவர். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவர்கள் வழக்கம் அது.

அப்போதுதான் டிராயரில் கிடந்த தாள்கள் ஞாபகம் வந்தன.

அக்காவின் வேலை இரண்டு மணிக்கு முடியும். அதன் பிறகு பேனல் அறைக்கு வரச் சொன்னேன். மேசைமேல் தாளை விரித்துப் போட்டேன். ஏணிப்படம் என்று அதைச் சொல்வோம். இடது பக்கம் ஒரு நெடுங்கோடு, வலது பக்கம் ஒரு நெடுங்கோடு, நடுவில் ஏணிப் படிகள் மாதிரி வரிகள். ஒவ்வொரு படியிலும் சின்னச் சின்ன வாசல்கள். எல்லா வாசலும் திறந்தால் மின்சாரம் இடமிருந்து வலம் போய் மோட்டாரைக் கிளப்பும்.

எளிதாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "வாய்க்கால்ல மடை இருக்கில்ல அக்கா, அதுமாதிரி" என்று ஆரம்பித்தேன்.

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மடைன்னா கொஞ்சம் கசியுமே சார். பக்கத்து வயக்காரன் கொஞ்சம் திருப்பிக்குவான். இதுல அப்படி உண்டா?"

"இல்ல. வந்தா முழுசா வரும், இல்லேன்னா இல்ல."

"அப்ப மடை இல்ல." விரலை ஒரு படியில் வைத்து இடமிருந்து வலமாக நகர்த்தினார். "இது மனு சார். நாம மனு போட்டா கிராம அதிகாரி கையெழுத்துப் போடணும், அப்பறம் வருவாய் ஆய்வாளரு, அப்பறம் தாசில்தாரு. அத்தன பேரும் போட்டாத்தான் உத்தரவு வரும். ஒருத்தரு போடலேன்னாலும் அங்கனயே நிக்கும். சரியா?"

மூன்று வருடம் பாலிடெக்னிக்கில் படித்தபோது யாரும் எனக்கு இவ்வளவு சரியாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

"சரிதான். இந்தா இங்க பாருங்க, ரெண்டு வழி இருக்கு."

"ஆமா. இல்லாட்டி கலெக்டரு நேரா ஒரு கையெழுத்துப் போட்டாலும் போதும்." அவரே அடுத்த படிக்குப் போய்விட்டார்.

நாலைந்து நாள் இப்படிப் போயிற்று. நான் சொன்னதைவிட அவர் கேட்டது அதிகம். ஒரு நாள் அந்தத் தாள் எழுதிய கதையை அவரிடம் சொல்லிவிட்டேன், எங்கள் வீட்டுக் குத்தகைக்காரர் கதையை. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லாமல் அந்த மேசையில் உட்கார முடியவில்லை.

அவர் தாளிலிருந்து விரலை எடுத்தார். "எந்த ஊரு சார்?" என்றார்.

சொன்னேன்.

"எங்க ஊரு இல்ல" என்றார். தாளைத் திருப்பினார்.

டிரையர் கன்வேயரைக் கிளப்பும் படி அடுத்த பக்கத்தில் இருந்தது. பொத்தானை ஒரு தரம் அழுத்திவிட்டுக் கையை எடுத்தாலும் மோட்டார் எப்படித் தொடர்ந்து ஓடுகிறது என்று அதில்தான் தெரியும். கிளம்பிய மோட்டாரே தன் படியில் ஒரு வாசலைத் திறந்து பிடித்துக்கொள்ளும். அதை நான் விளக்குவதற்கு முன்பே அவர் விரல் அங்கே போய் நின்றது.

"உத்தரவு வந்ததும் அந்த உத்தரவே இன்னொரு கையெழுத்தா இங்க வந்து ஒக்காந்துக்குதே. தன்னத்தானே காப்பாத்திக்குது."

"ஆமாக்கா."

"கரண்டு போனா?"

"விட்டுடும். திரும்பப் பொத்தானை அழுத்தணும்."

"வெள்ளப் பெட்டியில அப்படி. அந்தச் சாம்பப் பெட்டியில?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அங்கே மறக்காது அக்கா, கரண்ட் வந்ததும் தானாகவே கிளம்பும் என்று பெருமையாகச் சொல்லப்போனவன் பாதியில் நிறுத்தினேன். அவர் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது.

எலிவேட்டரின் அடிப்பாகம் தரைக்குக் கீழே ஏழடிக் குழிக்குள் இருந்தது. பெல்ட்டில் கோத்த வாளிகள் அங்கே போய் நெல்லை மொண்டு மேலே வரும். சிந்தின நெல் குழியில் சேரும். அதை அள்ள அந்த எட்டுப் பெண்களும்தான் முறைபோட்டு இறங்குவார்கள். எப்போது இறங்குவார்கள்? கரண்ட் போகும்போது. பழைய ரிலே பேனலில் கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடும், திரும்பி வந்தாலும் நான் பொத்தானை அழுத்தும்வரை ஒன்றும் அசையாது. அவர்களுக்கு அது தெரியும். ஆகையால் விசிறி நின்றதும் கூடையை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கிவிடுவார்கள். யாரும் அவர்களுக்கு அப்படிச் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் இறங்கவேண்டும் என்பது விதி. அந்த விதியை நான் அதுவரை ஒரு நாளும் அமல்படுத்தியதில்லை.

என்னைப் புல்லரிக்கவைத்த அந்த இருபது நிமிடத்தை மறுபடி நினைத்துப் பார்த்தேன். கண் சிமிட்டிய விளக்குகள். ஐந்து விநாடி. எலிவேட்டர். அன்று மட்டும் யாரையும் உள்ளே விடாமல் இருந்தோம்.

"வாங்க முதலாளிகிட்ட போவோம்" என்றேன்.

முதலாளி முழுவதையும் கேட்டார். சாம்பல் பெட்டியையும் அதுபோல நடக்காதபடி மாற்றி எழுத முடியும் என்று நான் நேர்மையாகவே சொன்னேன். பெட்டி மோசமில்லை, அதற்குள் எழுதியவர் எங்கள் குழியைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஆனால் மாற்றி எழுதினார்களா என்று நாங்கள் படித்துப் பார்க்க முடியாது. அவர்கள் சொல்வதை நம்பவேண்டியதுதான்.

முதலாளியின் தம்பி சாம்பல் பெட்டியைத்தான் வாங்கச் சொல்லி இன்னொரு கடிதம் எழுதியிருந்தார். அது மேசைமேல் இருந்தது. முதலாளி எழுந்தார். "சாம்பப் பெட்டியத் திரும்ப மாட்டி, பெல்ட்டக் கழட்டுங்க தம்பி. மோட்டார் மட்டும் ஓடட்டும்."

"எதுக்குங்க?"

"கழட்டுங்களேன்."

பெட்டியை எலிவேட்டர் வரிசைக்கு மறுபடி இணைத்து, பெல்ட்டைக் கழற்றினோம். மோட்டார் தனியாக மேலே ஓடும், குழிக்குள் எதுவும் அசையாது. அவர் செருப்பை விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரும்பு ஏணியில் குழிக்குள் இறங்கினார். பருமனான உடம்பு. அந்த ஆலையைக் கட்டியவர் அந்தக் குழிக்குள் இறங்கியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். குழியைச் சுற்றிக் களத்துப் பெண்களும் சங்கத்து ஆட்களும் கூடிவிட்டார்கள்.

"இப்ப கரண்ட நிறுத்துங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மெயினை இறக்கினேன். எல்லாம் நின்றது. உள்ளே அவர் குனிந்து கையால் நெல்லை அள்ளிக் கூடையில் போடும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்கள் எப்படிச் செய்வார்களோ அப்படியே செய்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, அவரிடம் சொல்லாமல், மெயினை ஏற்றினேன். எப்போது ஏற்றுவேன் என்று சொல்லக்கூடாது என்பது அவர் உத்தரவு.

ஐந்து விநாடி. தலைக்கு மேலே மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. குழிக்குள் கூடை கீழே விழுந்தது கேட்டது.

அவர் மேலே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யாரையும் பார்க்காமல் குழாயடிக்குப் போய்க் கை கால் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்து அந்த அக்காவின் எதிரில் நின்றார்.

"இத்தன வருஷமா இதுக்குள்ளதான் எறங்குனீங்களா?"

"ஆமாங்க."

"வெள்ளப் பெட்டியே இருக்கட்டும் தம்பி" என்றார் என்னிடம். "சின்னவனுக்கு நான் எழுதிக்கிறேன்."

அன்றைக்கு மறுநாளே குழி வாயில் ஒரு தனிச் சுவிட்ச் வைத்தேன். பூட்டும் போட்டேன். சாவியை அக்காவிடம் கொடுத்தேன். குழிக்குள் இறங்குபவர் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு இறங்குவார், அவர் வெளியே வந்து திறக்காமல் எந்தப் பெட்டி நினைத்தாலும் எலிவேட்டர் ஓடாது. இதைச் செய்ய பி.எல்.சி. எதுவும் தேவையே இல்லை. முதல் வருடமே செய்திருக்கலாம்.

திருச்சிக்காரர் வெள்ளைப் பெட்டியை ஆலை முழுவதற்கும் கட்டி, புதுத் தாள்களும் கொடுத்தார். அது எங்களைச் சும்மா விடவில்லை. சம்பா அறுவடை முடிந்து ஆலை முழு மூச்சில் ஓடும்போதெல்லாம் ஏதாவது செய்யும். தூசி உள்ளே போய் இரண்டு தரம் நின்றது. சாம்பல் பெட்டி இந்தத் தூசியைப் பொருட்படுத்தாமல் ஓடியிருக்கும், அதை மறைப்பதில் பயனில்லை. ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலை வந்து பார்த்தால் பெட்டி வெறுமையாக இருந்தது. பேட்டரி தீர்ந்து, எழுதியதெல்லாம் அழிந்துவிட்டது. முன்னூற்றுச் சொச்சம் படிகள். ஊறல் தொட்டியில் நெல் இரண்டாம் நாளாகக் கிடந்தது. இன்னும் சில மணி நேரம் போனால் நாற்றமெடுத்துவிடும்.

திருச்சிக்காரர் மழையில் வந்து சேர மத்தியானம் ஆகும். வேறு பேட்டரியைப் போட்டுவிட்டு, எழுத்துப் பலகையை மடியில் வைத்து உட்கார்ந்தேன். அக்கா ஈரப் புடவையோடு எதிரில் உட்கார்ந்து தாளை விரித்தார். நான் ஓரத்தில் எழுதிவைத்த தமிழும், அந்த மேசையில் அவர் கற்றுக்கொண்ட இங்கிலீஷும், எண்ணும் கலந்த அந்த எழுத்துகளை ஒவ்வொரு படியாக உரக்கப் படித்தார். நான் அழுத்தினேன். ஒரு படி முடிந்ததும் நான் திருப்பிச் சொல்வேன், அவர் விரலை வைத்துச் சரிபார்த்து "ம்" என்பார். எண்பத்தேழாம் படியில் நான் ஒரு வாசலைத் திறந்தது என்பதற்குப் பதிலாக மூடியது என்று அழுத்திவிட்டேன். "இல்ல சார், இவரு கையெழுத்துப் போடாம இருந்தாத்தான் உத்தரவு" என்று நிறுத்தினார். அது ஆவி வால்வுப் படி. தவறாகப் போயிருந்தால் காலித் தொட்டிக்கு ஆவி போயிருக்கும்.

பதினோரு மணிக்கு முடித்தோம். பொத்தானை அழுத்தினேன். கன்வேயர் கிளம்பியது. ஒரு பெரிய ஆலையின் நடையெல்லாம் அத்தனை தாள்களுக்குள் இருந்தது, அந்தத் தாள்களிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வழியாக மறுபடி இரும்புக்குள் போனது. இதற்குப் பிறகு வளைகுடாவில் எட்டு வருடம் பெரிய பெரிய ஆலைகளில் வேலை பார்த்தேன். அங்கே சுவர் சுவராகப் பெட்டிகள் இருந்தன. அந்தக் காலை மாதிரி ஒரு காலை எனக்கு அங்கே ஒரு தரமும் வாய்க்கவில்லை.

முதலாளி எழுதிக் கொடுத்தபடி யாரையும் நிறுத்தவில்லை. ஆனாலும் வால்வுகளைக் கையால் திருகிக்கொண்டிருந்த இருவருக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. குடோனுக்கு மாற்றினார்கள். ஒருவர் ஒத்துப்போனார், இன்னொருவர் மூட்டை தூக்க மனமில்லாமல் திருப்பூர் போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் பேனல் அறையில் இரண்டு ஷிப்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. முதலாளி அக்காவைப் போட்டார். ஐ.டி.ஐ. படித்த ஆட்கள் இருக்கும்போது எப்படி என்று மூன்று கொடிக்காரர்களும் கேட்டார்கள். ஆவி வால்வுப் படியைப் படித்துக் காட்டுகிறவர் யாராக இருந்தாலும் வரட்டும் என்றார் அவர். யாரும் வரவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் அக்கா என் மேசையில் கட்டம் போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்றை வைத்தார். பென்சிலால் நாலு படிகள் வரைந்திருந்தது. கோடுகளை ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தார். எந்த மோட்டார் கிளம்பினாலும் அதற்குப் பத்து விநாடிக்கு முன்னால் ஒரு மணி அடிக்கவேண்டும். மணி அடித்து முடியாமல் மோட்டார் கிளம்பக்கூடாது. மணி பழுதானாலும் கிளம்பக்கூடாது. கடைசி நிபந்தனை எனக்குத் தோன்றியிருக்காது.

தப்பு இருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்தேன். இல்லை.

"நீங்களே அழுத்துங்கக்கா" என்று எழுத்துப் பலகையைக் கொடுத்தேன்.

நிதானமாக, ஒரு விரலால் அழுத்தினார். களத்தின் மூலையில் ஒரு பழைய பள்ளிக்கூடத்து மின்மணியை மாட்டியிருந்தோம். அவர் பொத்தானைத் தொட்டார். மணி அடித்தது. நெல் தள்ளிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் தள்ளுபலகையை நிறுத்தி நிமிர்ந்தார்கள். அவர் ஜன்னலுக்கு வந்து நின்று, உதடு அசைய ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார்.